கணியார் என்றொரு பெயர்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களில், மந்திரவாதியாக ஆட நினைப்பவர் முதலில் அவனைப் படிக்க வைக்க வேண்டும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பு (2014) விஸார்டுக்கு ஆறு திறன்களைக் காட்டி, இரண்டைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்கிறது: மந்திரவியல், வரலாறு, மனமறிதல், துப்பறிதல், மருத்துவம், சமயம். விஸார்ட் என்ற சொல்லும் வேரில் ‘அறிவாளி’தான், கொஞ்சம் கேலி கலந்த அறிவாளி. 1974இல் வந்த முதல் பதிப்பில் பதினோராம் படிக்கு ஏறியவனுக்குத்தான் அந்தப் பட்டமே கிடைத்தது.

பாலக்காட்டுக்காரர் ஒருவர் இதே ஆட்டத்துக்கு உள்ளூர் மந்திரவாதியைத் தேடினால் முதலில் சிக்குபவன் ஒடியன். இரவில் எருமையாக, காளையாக உருமாறி வழிமறிப்பவன். 2018இல் மோகன்லால் நடித்துப் படமும் வந்தது. ஒடித்தல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள். அவன் செய்வதை அந்தப் பெயர் சொல்லும். என்ன கற்றான் என்பதைச் சொல்லாது. எனக்கு அவனைவிடக் கணியார்மேல்தான் கண். 1861இல் பாலக்காட்டில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சிக் குடிகளைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் இந்த இருவருக்குமே இடம் கொடுத்திருக்கிறார்.

கணியான், கணிசன், மரியாதையாகக் கணியார். சாதகம் கணிப்பது, நாள் குறிப்பது, மருந்து கொடுப்பது, பேயோட்டுவது, பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. எழுத்தறிவித்தவரையே தீட்டு என்று தள்ளி நிற்க வைத்தது அன்றைய சாதி வழக்கம். அந்த விதியை எந்த ஆட்டப் புத்தகமும் எழுதத் துணியவில்லை.

பெயரின் வேர் கணி. வடமொழிக் ‘கணகன்’ வழி வந்தது என்று ஒரு சாரார், ‘கண்’ என்னும் தமிழ் வேரே போதும் என்று ஒரு சாரார். அந்த வழக்கில் நான் நுழையப்போவதில்லை; சொல் புழங்கிய இடங்களே போதுமான சாட்சி. புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடியவர் கணியன் பூங்குன்றன். பழைய அகப்பாடல்களில் வேங்கை மரத்துக்கும் கணி என்று பட்டம் உண்டு. அது பூத்தால் மலைச்சரிவில் தினை முற்றிவிட்டது என்று கணக்கு. புனம் காத்த பெண்ணுக்கு இனி வீட்டுக்காவல். சிலப்பதிகாரத்தில் வடநாட்டுப் போர் முடித்த செங்குட்டுவன் மாலைப் பிறையைப் பார்க்கிறான். உடனே கணி எழுந்து, வஞ்சியை விட்டு வந்து முப்பத்திரண்டு மாதம் ஆயிற்று என்கிறான். அரசன் வாய் திறந்து கேட்கவே இல்லை. அவன் எதை எண்ணுகிறான் என்பதையும் எண்ணிச் சொல்பவன் கணி. மனமறிதல், மந்திரவியல் என்று தனித்தனியாகப் புள்ளி வைத்த ஆட்டக்காரர்கள் இந்தக் காட்சியைப் படித்திருக்க வேண்டும்!

கணியார் கையில் பகடைக்குப் பதில் சோழி. மலையாளத்தில் அது கவடி. அஷ்டமங்கலப் பிரசினத்தில் 108 சோழிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பங்கிலும் எட்டெட்டாகக் கழித்து மிச்சத்தை எடுப்பார்கள். மீதம் இல்லாவிட்டால் எட்டு. ஞாயிறு முதல் இராகு வரை எட்டுக் கோள்களில் ஒன்றை அந்த எண் காட்டும். எட்டுமுகப் பகடை மூன்றை உருட்டியதுபோலத்தான். ஆனால் எண் விழுந்ததும் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. வந்த பொழுது, கேட்டவர் நின்ற திசை, தொட்ட உறுப்பு, வாயில் வந்த முதல் சொல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்கான விதிகளைத் தொகுத்த ‘பிரசினமார்க்கம்’ 1649இல் எழுதப்பட்டது. இடுக்கி மலைப்பக்கம் தொடுபுழை வழியாக இறங்கும் ஆறு மூவாற்றுப்புழையாகிப் போகும் வழியில், பிறவத்துக்கு அருகே பாழூர் படிப்புர இருக்கிறது; கணியார் சோதிடத்தில் அதற்கு மேல் பேர்பெற்ற வாசல் கிடையாது.

மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலியில், கணியான் என்றால் கூத்து. சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் அடித்துக் கதை பாடுவார்கள். முன்பாட்டுக்காரருக்கு அண்ணாவி என்று பெயர். அதற்கும் ஆசிரியர் என்றுதான் பொருள். இரு குடிகளும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. பெயர் ஒன்று, கற்பிக்கும் மரியாதையும் ஒன்று.

ஆகவே கணியாரைப் பாத்திரமாக எழுதுகிறவர் திறன்களைக் கணக்கு, எழுத்து, மருந்து, மந்திரம் என்ற வரிசையில் வைக்கட்டும். கணக்குக்குப் பகடை உருட்டிய பிறகே மந்திரத்துக்கு உருட்டலாம். கணக்குத் தப்பினால் மந்திரம் பலிக்கும், ஆனால் தவறான நாளில்.