சித்தியின் அல்பமும் கனடிய டொலரும்

எங்கட வீட்டு அலுமாரியில் ஒரு அல்பம் இருக்கு. ஸ்காபரோவில் இருக்கிற சித்தி வருசக் கணக்காக அனுப்பிய படங்கள். 90களில் வந்தவை எல்லாம் இரண்டே இடங்கள்: நயாகரா நீர்வீழ்ச்சியின் கனடாப் பக்கம், இல்லாட்டி ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்கா. 2008இல் இருந்து திடீரெண்டு புளோரிடா. டிஸ்னி கோட்டைக்கு முன்னால், மிக்கி மவுஸ் காது வைத்த தொப்பியோட என் மச்சாள்மார், மச்சான்மார். 2013 வரைக்கும் மூன்று தரம் போயிருக்கினம். அதுக்குப் பிறகு புளோரிடாவே இல்லை. திரும்பவும் வொண்டர்லாண்ட்.

"சித்தப்பாவுக்கு வேலையில ஏதும் பிரச்சினையாக்கும்" எண்டு அம்மா பல காலம் நம்பிக்கொண்டிருந்தா. போன வருசம் சித்தியிடம் நேரே கேட்டன். ஒரே வரியில் பதில் வந்தது: "வேலை எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தது. டொலர் விழுந்திட்டுது பிள்ளை."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தேடிப் பார்த்தேன். ஒரு கனடியர் அமெரிக்கப் பூங்காவின் டிக்கெட் விலையைப் பார்க்கும்போது, உண்மையில் அவர் தன் நாட்டு நாணயத்தின் வரலாற்றைத்தான் பார்க்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது அங்கே ஒரு குடும்பப் பழக்கம். ஆனால் தொடக்கத்தில் ஆட்கள் எல்லை தாண்டியது எதிர்த்திசையில்.

ஈரி ஏரியின் கனடாக் கரையில், ஃபோர்ட் ஈரிக்குப் பக்கத்தில், கிறிஸ்டல் பீச் என்றொரு பூங்கா 1888இல் தொடங்கியது. அதன் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பங்கு எதிர்க்கரையில் இருந்த அமெரிக்க நகரமான பஃபலோவின் மக்கள். நீராவிக் கப்பலில் ஏரியைத் தாண்டி வந்து, நாள் முழுக்க விளையாடிவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போவார்கள். 1927இல் இரண்டு கரையையும் இணைக்கும் சமாதானப் பாலம் திறக்கப்பட்டது. அதே வருசம் 'சைக்ளோன்' என்ற ரோலர் கோஸ்டரும் அங்கே ஓடத் தொடங்கியது. மயங்கி விழுகிறவர்களைப் பார்க்க ஒரு தாதியை நிறுத்தி வைத்திருந்தார்களாம், அவ்வளவு மூர்க்கம். பூங்கா 1989இல் மூடப்பட்டது. அங்கே 1948இல் கட்டிய 'கொமெற்' என்ற இன்னொரு ரோலர் கோஸ்டர் ஏலத்தில் போய், 1994இல் இருந்து நியூயோர்க் மாநிலத்தின் ஒரு பூங்காவில் ஓடுகிறது. ஆட்கள் மட்டுமில்லை, கோஸ்டரும் எல்லை தாண்டிப் போயிட்டுது.

அந்த ஃபோர்ட் ஈரிப் பாலத்தின் பெயர் எங்கட ஆட்களுக்குப் புதுசில்லை. 80களிலும் அதுக்குப் பிறகும் அமெரிக்காவுக்குள் வந்து, பஃபலோவில் காத்திருந்து, அந்தப் பாலத்தால் கனடாவுக்குள் போய் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் பலர். சித்தப்பாவும் அப்படித்தான். வழக்கு முடியும்வரை திரும்ப எல்லையைத் தாண்டினால் உள்ளே வர முடியுமா என்பதே தெரியாத நிலை. அந்த வருசங்களில் அவர்களுக்குப் புளோரிடா டிக்கெட்டின் விலை ஒரு கேள்வியே இல்லை. அல்பத்தில் நீர்வீழ்ச்சிப் படங்கள் ஏன் கனடாப் பக்கத்தோடு நின்றன என்பது எனக்கு இப்பத்தான் விளங்கியது.

டிக்கெட் வாங்கக் காசு மட்டும் போதாது என்பதற்கு இதே எல்லையில் இன்னும் பழைய கதை ஒன்று இருக்கு. டெட்ராயிட் ஆற்றில் பொப்லோ என்றொரு தீவு. தீவு கனடாவுக்குச் சொந்தம். அங்கே இருந்த பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போன கப்பல்கள் டெட்ராயிட் நகரத்தில் இருந்து வந்தவை. 1945 ஜூனில் சாரா எலிசபெத் ரே என்ற இளம் பெண் தன் வகுப்புத் தோழிகளோடு அந்தக் கப்பலில் ஏறினார். போய்வரக் கட்டணம் 85 சதம். எல்லோரும் கட்டியது ஒரே 85 சதம்தான். ஆனால் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். கப்பல் வெளிக்கிட முதல் அவரை இறக்கிவிட்டார்கள்.

வழக்கில் கப்பல் கம்பனி சொன்ன காரணத்தைக் கவனியுங்கோ. எங்கட கப்பல் கனடாவுக்குப் போகிறது, ஆகவே இது வெளிநாட்டு வணிகம், மிச்சிகன் மாநிலத்தின் சமவுரிமைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். எல்லைக் கோட்டையே ஒரு சாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1954இல் பாடசாலைகளில் இனப்பிரிப்பை ஒழித்த புகழ்பெற்ற தீர்ப்புக்கு 6 வருசம் முந்தியது இது. ஆனாலும் அவரின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இனி டொலர். 1962இல் கனடிய அரசு தன் டொலரை 92.5 அமெரிக்கச் சதத்துக்குக் கட்டி வைத்தது. அந்த வருசம் தேர்தல். பிரதமர் டீஃபன்பேக்கரைக் கேலி செய்து, எதிர்க்கட்சி ஆட்கள் போலி டொலர்த் தாள் அடித்து விநியோகித்தார்கள். ஒரு நாணய மாற்று வீதம் தேர்தல் பகிடியாகும் அளவுக்கு அது அன்றாட விசயமாக இருந்திருக்கு. 1970இல் டொலரை அவிழ்த்து விட்டார்கள், அது ஏறியது. 1971 ஒக்டோபரில் புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3 டொலர் 50 சதம். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தரத்துக்கு ஏற்ப ஏ முதல் ஈ வரை தனித்தனிச் சீட்டு. அப்ப இரண்டு டொலரும் ஏறத்தாழச் சமம். கனடாவில் இருந்து போனவர் பலகையில் எழுதியிருந்த விலையை அப்படியே நம்பலாம். 1974இல் கனடிய டொலர் 1.04 அமெரிக்க டொலருக்கும் போனது.

பிறகு விழத் தொடங்கியது. 1986இல் 70 சதத்துக்கும் கீழே. 1991இல் கொஞ்சம் நிமிர்ந்து 89 சதம். அந்த வருசம் ஜனவரியில் கனடாவில் 7 வீதப் பொருட்கள் சேவைகள் வரியும் வந்ததால், சனம் சாமான் வாங்க வரிசையில் நின்று எல்லை தாண்டியது. பஃபலோப் பக்கத்துக் கடைகளில் கனடியக் காசைச் சமமாக எடுப்போம் என்று பலகை வைப்பது வழக்கம். அந்தப் பலகையே ஒரு தள்ளுபடி. பிறகு மறுபடி சரிவு. 2002 ஜனவரியில் 62 சதத்துக்கும் கீழே போனது. அதாவது ஒரு அமெரிக்க டொலருக்கு 1.60 கனடிய டொலருக்கு மேல் கொடுக்க வேணும். அந்தக் காலத்தில் 1981இல் திறந்த கனடாஸ் வொண்டர்லாண்ட் பக்கத்தில் இருந்தது பெரிய ஆறுதல். காரில் போகலாம், எங்கட டொலரில் கட்டலாம்.

2007 செப்டெம்பரில் இரண்டு டொலரும் திரும்பச் சமமாகின. நவம்பரில் கனடிய டொலர் 1.10ஐயும் தொட்டது. அப்பதான் கனடியர்களுக்குக் கோபம் வந்தது. புத்தகங்களின் பின்னட்டையில் இரண்டு நாட்டு விலையும் அச்சிட்டிருக்கும். டொலர் சமம், ஆனால் கனடிய விலை பல டொலர் கூட. நிதி அமைச்சர் ஜிம் ஃப்ளாஹர்ட்டி வியாபாரிகளைக் கூப்பிட்டு விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் பூங்கா டிக்கெட் புத்தகம் மாதிரி இல்லை. அதை இறக்குமதி செய்ய ஏலாது, நீங்கள்தான் அங்கே போக வேணும். ஆகவே டொலர் ஏறிய லாபம் இடையில் எந்த வியாபாரியிடமும் நிற்காமல் நேரே வாங்குபவரின் கைக்கு வரும். சித்தி குடும்பம் புளோரிடாவுக்குப் போனது சரியாக இந்தக் காலத்தில்தான். பிரஜாவுரிமை, வளர்ந்த பிள்ளைகள், சம டொலர், எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்த ஐந்தாறு வருசம்.

விழுந்தபோதும் நட்டம் அப்படியே நேரே வந்தது. 2014 பெப்ரவரியில் டிஸ்னியின் மஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் 99 அமெரிக்க டொலர். கனடிய டொலரில் 110 அளவில். 2015 பெப்ரவரியில் அது 105 ஆனது. அமெரிக்கருக்கு 6 டொலர்தான் கூடியது, கனடியருக்கு 131. எண்ணெய் விலை இறங்க இறங்கக் கனடிய டொலரும் கூடவே இறங்கியது. 2016 ஜனவரியில் அதே 105 டொலர் டிக்கெட் கனடியருக்கு 152. வாசலில் விலையை ஒருத்தரும் தொடவில்லை. சித்தி வீட்டில் நாலு டிக்கெட். வரி வேறு, விமானம் வேறு. இதோடு கடன் அட்டையும் இருக்கு. வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் பெரும்பாலான கனடிய அட்டைகள் 2.5 வீதம் மேலதிகமாக எடுக்கும். 100 அமெரிக்க டொலர், மாற்று வீதம் 1.40 என்றால் 140 இல்லை, 143.50. அந்த 3.50 ஒரு விளம்பரத்திலும் இருக்காது.

ஆட்கள் வராமல் போனால் பூங்காவுக்கும் நட்டம். அதனால் 2016இல் டிஸ்னி கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தது. கனடா முகவரிக்கு ஆதாரம் காட்ட வேணும். ஒரு 20 வீதத் தள்ளுபடியை மேலே சொன்ன கணக்கில் போட்டால் 143.50 கிட்டத்தட்ட 115க்கு இறங்கும். நல்லதுதான், ஆனால் டொலர் சமமாக இருந்த காலத்தின் முழு விலையைவிட அது இன்னும் கூட. (சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை என்று வைத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு இதையும் சொல்லலாம். முகவரி பார்த்து விலை வைப்பது எங்கட கண்டுபிடிப்பு இல்லை.)

இன்னொரு வழியைச் சித்தியின் மூத்த மகன் கண்டுபிடித்து வைத்திருந்தான். 2006இல் அமெரிக்க நிறுவனமான சீடர் ஃபெயர், கனடாஸ் வொண்டர்லாண்டை வாங்கியது. ஒஹாயோவில் இருக்கிற புகழ்பெற்ற சீடர் பொயின்ற் பூங்காவும் அப்ப அவர்களுடையதுதான். அவர்களின் உயர்தரப் பருவகாலப் பாஸ் ஒன்றை எந்தப் பூங்காவில் வாங்கினாலும் அந்தக் காலத்தில் மற்றப் பூங்காக்களிலும் செல்லுபடியானது. ஆகவே பாஸை ரொறன்ரோவில் கனடியக் காசுக்கு வாங்கி, ஒஹாயோவுக்குக் கார் ஓடிப் போய் அதையே காட்ட முடிந்தது. ஒரே அட்டை, இரண்டு நாணயம். பெற்றோலுக்குக் காசு சேர்த்தால் போதுமாயிருந்தது.

2025இல் கணக்கு இன்னொரு பக்கம் திரும்பியது. அமெரிக்க ஜனாதிபதி கனடியப் பொருட்களுக்கு வரி போட்டதோடு, கனடாவை 51ஆவது மாநிலமாக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறையை நாட்டுக்குள்ளேயே கழியுங்கள் என்று அன்றைய பிரதமர் ட்ரூடோ பெப்ரவரியில் கேட்டார். அமெரிக்காவுக்குக் கனடியர்கள் போவது அந்த வருசம் பெருமளவில் குறைந்தது. என் மச்சாளுக்கு இப்ப ஒரு மகள். பிள்ளையின் முதல் டிஸ்னிப் பயணத்துக்குக் காசு சேர்த்து வைத்திருந்தவள், அதை நிறுத்திவிட்டாள். "தள்ளுபடி தந்தாலும் போகமாட்டன். அப்பாவை ஏத்த நாடொண்டும் இல்லாத நேரம் இந்த நாடுதான் ஏத்தது" என்று எனக்கு எழுதினாள்.

கோடையில் படம் வந்தது. வொண்டர்லாண்ட் வாசல், சித்தியின் மடியில் பேத்தி, 90களில் எடுத்த அதே இடம். 2024 ஜூலையில் சீடர் ஃபெயரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாகிவிட்டன, தலைமையகம் இப்ப வட கரோலினாவில், உன்ர டிக்கெட் காசு கடைசியில் அங்கதான் போகுது என்று வேண்டுமென்றே எழுதினேன்.

"தெரியும். ஆனா எங்கட டொலரிலதான் கட்டினனான்" என்று பதில் வந்தது.