2001 இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் – பெண்கள் ஒற்றையர்

2001 இந்தியன் வெல்ஸ் பெண்கள் ஒற்றையர் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள இந்தியன் வெல்ஸ் நகரில் 2001 மார்ச்சு மாதம் நடைபெற்ற தொழில்முறை டென்னிஸ் போட்டியாகும். கடினத் தரையில் ஆடப்பட்ட இப்போட்டியின் இறுதியாட்டத்தில் ஐக்கிய அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸ், பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்சை 4–6, 6–4, 6–2 என்ற கணக்கில் வென்றார். எனினும் இப்போட்டி அதன் முடிவுக்காக அன்றி, நடைபெறாமற் போன ஓர் அரையிறுதிக்காகவும் அதன் பின் பார்வையாளர் நடந்துகொண்ட விதத்துக்காகவுமே நினைவுகூரப்படுகின்றது.

பின்னணி

செரீனா 1999 இல் இங்கு ஸ்டெபி கிராபை வென்று பட்டம் பெற்றிருந்தார். 2000 ஆம் ஆண்டு வாகையாளர் லின்ட்சே டேவன்போர்ட். 2001 காலிறுதியில் செரீனா, டேவன்போர்ட்டை 6–1, 6–2 என எளிதில் வென்றார். மற்றொரு காலிறுதியில் அவரது தமக்கை வீனஸ் வில்லியம்ஸ், உருசியாவின் எலெனா டெமென்டியேவாவை வென்றார். இதனால் சகோதரிகள் இருவரும் அரையிறுதியில் மோத நேர்ந்தது.

சகோதரிகள் ஆடும் ஆட்டங்களின் முடிவை அவர்களின் தந்தையும் பயிற்சியாளருமான ரிச்சர்ட் வில்லியம்சே முன்கூட்டித் தீர்மானிக்கின்றார் என்ற பேச்சு அந்நாட்களில் உலவியது. அரையிறுதியில் யார் வெல்வார் என்று செய்தியாளர் வினவியபோது டெமென்டியேவாவும் அதே பொருள்படப் பதிலளித்தார். இக்குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் வெளிவந்ததில்லை.

அரையிறுதி

ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில், முழங்கால் வலி காரணமாக வீனஸ் விலகுவதாக அறிவிக்கப்பட்டது. அரங்கில் காத்திருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினர். தம் நிலையை வீனஸ் முன்னரே அலுவலர்களிடம் தெரிவித்துவிட்டதாகவும், அறிவிப்பே தாமதமாயிற்று என்றும் செரீனா 2009 இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். மற்றைய அரையிறுதியில் கிளைஸ்டர்ஸ், மார்ட்டினா ஹிங்கிசை மூன்று செட்களில் வென்றார்.

இறுதியாட்டம்

மார்ச்சு 17 அன்று ரிச்சர்டும் வீனசும் இருக்கைகளை நோக்கி இறங்கி வந்தபோது பார்வையாளர் ஏளன ஒலி எழுப்பினர். ரிச்சர்ட் திரும்பி நின்று தம் முட்டியை உயர்த்திக் காட்டினார். 19 வயதான செரீனாவின் தவறுகளுக்கு ஆட்டம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. சொந்த நாட்டில் ஆடும் ஒரு வீராங்கனைக்கு இது மிக அரிதான அனுபவம். முதல் செட்டை இழந்த அவர் அடுத்த இரண்டையும் கைப்பற்றினார். பரிசளிப்பின் போதும் ஏளனம் ஓயவில்லை. 17 வயதான கிளைஸ்டர்சுக்கு இதில் எப்பங்கும் இல்லை.

தம்மை நோக்கி நிறவெறிச் சொற்கள் வீசப்பட்டதாக ரிச்சர்ட் சில நாட்களின் பின் ஊடகத்துக்குத் தெரிவித்தார். செரீனாவும் தம் நூலில் இதனையே கூறியுள்ளார்.

புறக்கணிப்பும் திரும்புகையும்

அதன் பின் சகோதரிகள் இருவரும் இந்தியன் வெல்சில் ஆடுவதைத் தவிர்த்தனர். 2009 முதல் இது முன்னணி வீராங்கனைகள் கட்டாயம் பங்குபற்ற வேண்டிய போட்டிகளுள் ஒன்றாக்கப்பட்டது. அப்போதும் அவர்கள் வரவில்லை.

14 ஆண்டுகளின் பின், 2015 இல் செரீனா திரும்பினார். முதல் ஆட்டத்தில் உருமேனியாவின் மோனிக்கா நிக்குலெஸ்குவை 7–5, 7–5 என வென்றார். அரங்கு எழுந்து நின்று வரவேற்றபோது அவர் கண்கலங்கினார். சிமோனா ஹாலெப்புடனான அரையிறுதிக்கு முன் அவரும் முழங்கால் காயத்தால் விலக நேர்ந்தது. வீனஸ் 2016 இல் திரும்பினார். அவ்வாண்டு செரீனா இறுதியாட்டம் வரை சென்று விக்டோரியா அசரென்காவிடம் தோற்றார்.

2001 இல் நடைபெறாத சகோதரிகளின் ஆட்டம் 2018 மார்ச்சில் அதே நகரில், மூன்றாம் சுற்றில் நிகழ்ந்தது. மகப்பேற்றுக்குப் பின் செரீனா ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பிய முதற்போட்டி அது. வீனஸ் 6–3, 6–4 என்ற கணக்கில் வென்றார்.