ஒழுகும் கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர். யாரும் தீ வைத்துவிடலாம் என்கிற அச்சத்துடன்தான் சேரி மக்கள் ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். 1974-ல் தாட்கோ தொடங்கப்பட்டபோது, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதே அதன் வேலை. 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. சேரிகளில் கான்கிரீட் தொகுப்பு வீடுகள் எழுந்தன.

தீக்குத் தப்பிய அந்தக் கூரைகள் இன்று மழைக்குத் தாங்கவில்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்காவிட்டால், வெடிப்பு வழியாகத் தண்ணீர் கம்பிவரை இறங்கும். கம்பி துருவேறிப் பருக்கும்; காரை பெயர்ந்து விழும். தார்ப்பாய் போர்த்துவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும்.

"இலவச வீட்டைப் பராமரிக்கத் தெரியாதவர்கள்" என்று ஊரில் பேசுகிறார்கள். அன்றாடக் கூலியில் தளத்தை மாற்றிப் போட முடியுமா? 2016-ல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டம் வீடற்றவர்களுக்கும் குடிசைவாசிகளுக்கும் உரியது. எவ்வளவு ஒழுகினாலும் தொகுப்பு வீடு ஏட்டில் கான்கிரீட் வீடுதான். அதனால் புது வீடும் கிடையாது.

கிராம சபையில் மனு கொடுப்போம். ஒழுகும் வீடுகளைக் கணக்கெடுத்துத் தீர்மானமாக்குவோம். பழுதுபார்ப்பு நாம் கேட்கும் சலுகை அல்ல, வெண்மணிக்குப் பின் அரசு ஏற்ற பொறுப்பில் இன்னும் தீராத பாக்கி.