பன்னீர் ரோசாவின் பூர்வீகம்

எங்கள் வளவில் கிணற்றுக்கட்டை ஒட்டி ஒரு பன்னீர் ரோசாச் செடி நிற்கிறது. இளஞ்சிவப்புப் பூ, அடுக்கடுக்கான இதழ்கள். கடைப் பூவைப்போல நிமிர்ந்து நிற்காது. காம்பு வளைந்து தலை தொங்கும். விடியலில் பறித்தால் கை மணக்கும், வெயில் ஏறினால் பாதி மணம் போய்விடும். உம்மா இதை ‘ஷாம் நாட்டுப் பூ’ என்பார். நானும் நெடுங்காலமாக வகுப்பில் அப்படியே சொல்லி வந்தேன். அது முழு உண்மையல்ல என்று பின்னர்தான் தெரிந்தது.

ஷாமின் தலைநகரான திமிஷ்கின் பெயரால் ‘ரோசா டமசீனா’ என்று தாவரவியலார் அழைக்கும் ரோசா ஒன்று உண்டு. சிலுவைப்போருக்குப் போனவர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள் என்பது பழைய கதை. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுவைச் சோதித்தபோது, மூன்று ரோசா இனங்கள் கலந்து பிறந்தது அது எனக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று மத்திய ஆசியாவைச் சேர்ந்தது. ஆக, திமிஷ்க் அதற்குப் பெயர் கொடுத்த ஊர். பெற்ற ஊர் என்று சொல்வது கடினம்.

அப்பூவுக்குப் புகழ் தந்தது வாலை வடிப்புத்தான். வாசனைத் திரவியங்களை வடிக்கும் முறைகளை 9ஆம் நூற்றாண்டின் அல்கிந்தி நூலாகவே தந்திருக்கிறார். பாரசீகத்தில் ‘குல்’ என்றால் பூ, ‘ஆப்’ என்றால் நீர். குலாப் என்ற சொல் அதிலிருந்து வந்தது. இன்றும் தாயிபிலும் ஈரானின் காஷானிலும் பல்கேரியாவின் கசன்லிக்கிலும் இப்பூவைத்தான் வடிக்கிறார்கள். ஒரு கிலோ அத்தருக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோ பூ வேண்டும். நம் வீட்டுக் கலியாணங்களில் பன்னீர்ச் செம்பை உதறித் தெளிக்கும்போது இதை யார் நினைக்கிறார்கள்!

ஆனால் திமிஷ்க் ரோசா பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவமே பூக்கும். எங்கள் செடியோ ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கிறது. இந்தியத் தோட்டக்கலையாளர் ‘எட்வர்ட் ரோசா’ என்று கூறும் இனமே இது என்று, இலையையும் பூவையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதன் பிறப்பிடம் இந்து சமுத்திரத்தில், அன்று பூர்போன் என்றும் இன்று ரியூனியன் என்றும் பெயர் கொண்ட பிரெஞ்சுத் தீவு. அங்கே காணிகளுக்கு ரோசாவையே வேலியாக நட்டார்கள்: சீனாவிலிருந்து வந்த ரோசா ஒன்று, இரண்டாம் முறையும் பூக்கக்கூடிய திமிஷ்க் வகை ஒன்று. வேலிக்குள் இரண்டும் தாமாகக் கலந்தன. 1817இல் அத்தீவுக்கு வந்த பிரேயோன் என்ற தாவரவியலாளர் கலப்புச் செடியைக் கவனித்தார். 1819இல் அதன் விதைகள் பாரிசை அடைந்தன. மணம் திமிஷ்க் தந்தது, ஓயாத பூப்பு சீனா தந்தது.

1867இல் பிரான்சில் ‘லா பிரான்ஸ்’ என்ற இனம் வந்தது. அதற்கு முந்திய வகைகளையே பழைய ரோசாக்கள் என்கிறார்கள். பின்வந்தவை பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த ஒன்று எனக்கு இரண்டு வருடம் பூத்தது. பிறகு ஒட்டு பட்டு, அடிக்கட்டை மட்டும் தழைத்து வேறொரு முள்மரமானது. பன்னீர் ரோசா தன் வேரிலேயே நிற்பது. அடியோடு வெட்டினாலும் அதுவாகவே துளிர்க்கும். பென்சில் தடிப்பில் ஒரு சாண் கம்பு, நாலு கணு, மணலும் மாட்டெருவும், கொஞ்சம் நிழல்: இவ்வளவுதான் அதன் தேவை.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். உம்மாவின் ரோசா கிணற்றடியிலேயே நின்றுவிட்டது. ஆனால் புத்தளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சாச்சி, அதற்கு முன்பே ஒரு கம்பு கொண்டுபோயிருந்தார். அதிலிருந்து ஒன்றை வாங்கி, அகதி முகாமில் எண்ணெய்த் தகரத்தில் உம்மா நட்டார். 2009இல் போர் முடிந்த பின் ஊர் திரும்பியபோது வளவு பற்றைக்காடாகக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது. தகரச் செடியின் கம்புதான் இன்று அதனருகே நிற்பது.

ரியூனியன் கதையைச் சென்ற மாதம் உம்மாவிடம் சொன்னேன். தேசப்படத்தை விரித்து அத்தீவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் அளந்து பார்த்தார்.

“எங்கட கடல்தானே இதுவும்” என்றார். பிறகு, “மழை தொடங்கப் போகுது, பக்கத்து வீட்டுப் புள்ள ரெண்டு கம்பு கேட்டவ, வெட்டிக் குடு” என்றார்.