வேட்டைக் காடும் அனுமதிச் சீட்டும்

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சிக்கு ஏறிச் சுடர் காண வேண்டும் என்பது எங்கள் ஊரார் பலருக்கு வாழ்நாள் விருப்பம். மலையின் உயரம் 2,668 அடி. முன்னாளில் கால் வலுவுள்ளவர் ஏறினர். பின்னர்க் கூட்டம் பெருகியது. அண்மை ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேருக்கு மட்டுமே ஏறுவதற்குச் சீட்டு வழங்கினர். 2024 டிசம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவு இடிந்து எழுவர் உயிரிழந்தனர். அவ்வாண்டு அடியார் எவரையும் ஏற விடவில்லை. நம் மலையில் நாம் ஏறுவதற்குச் சீட்டா என்று மனம் நொந்தவர்களையும், இத்தனை கால்களை மலை தாங்குமா என்று கவலையுற்றவர்களையும் நான் ஒரே தேநீர்க் கடையில் கண்டேன். இரு சாராரிடமும் நியாயம் இருந்தது.

இவ்வழக்கு புதியதன்று. இதே மலைநாட்டில் வேட்டைக்காரனுக்கும் காட்டுக்கும் இடையே நெடுங்காலம் நடந்த வழக்கும் இதுவே. காட்டுக்குள் யார் புகலாம், எத்தனை பேர் புகலாம், வழியை மறிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் எப்படி எழுந்தன, எப்படி முடிந்தன என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம் சங்க காலத்திலேயே புகழ்பெற்ற ஊர். நன்னன் என்னும் தலைவன் அங்கிருந்து ஆண்டான். அவனுடைய நவிரமலையே இன்று பருவதமலை எனப்படுகிறது. அவன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லுவதாக அந்நூல் அமைந்திருக்கிறது. வழி சொல்லும் புலவர் முதலில் எச்சரிக்கையே கூறுகிறார். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகக் குறவர் ஒடுங்கிய வழிகளில் பொறி வைத்திருப்பர். ஆகையால் பொழுது புலர்ந்த பிறகே செல்லுங்கள் என்கிறார். பரண்மேல் இருப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறார். வழியில் வில்லேந்திய காவலரைக் கண்டால் அஞ்ச வேண்டா. நன்னனை நாடிச் செல்வதாகச் சொன்னால் அவர்கள் இறைச்சியும் கிழங்கும் தந்து விடுப்பர் என்றும் தேற்றுகிறார்.

இச்செய்தியிலிருந்து நாம் அறிவன சில உண்டு. அக்காலத்து வேட்டை பெரிதும் பயிர் காக்கும் தொழிலோடு சேர்ந்தது. காட்டில் காவல் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. ஆனால் அக்காவலர் வந்தவனைத் திருப்பி அனுப்பும் காவலர் அல்லர். வழிகாட்டி உணவளிக்கும் காவலர். பொறி எங்கே இருக்கிறது என்பதை அம்மலையில் வாழ்வோர் அறிவர். அயலான் கேட்டறிந்து செல்ல வேண்டும். அக்காட்டு ஒழுங்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. அங்கு வாழ்ந்தவரின் நாவில் இருந்தது.

சோழர் காலத்துச் சாசனங்களில் ஊரைத் தானம் கொடுக்கும்போது ஓர் அழகிய வழக்கு வரும். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அவ்வூரைச் சேர்ந்தவை என்று எழுதுவார்கள். உழுத நிலம் மட்டும் ஊராகாது. உழாத மேடும் நீர்நிலையும் புதரும் ஊரே என்பது அதன் கருத்து. உடும்பு ஓடும் நிலம் என்பது வேடன் நடக்கும் நிலமும் அன்றோ!

இதனால் பழங்காலத்தில் காட்டை அடைக்கவே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. அரசன் விளையாட்டுக்கென விலங்குக் காட்டை அகழி சூழ அமைக்க வேண்டும் என்று அர்த்தசாத்திரம் விதிக்கிறது. அசோகர் தம் முன்னோர் மேற்கொண்ட வேட்டைப் பயணங்களைக் கைவிட்டு அறப்பயணம் மேற்கொண்டதைக் கல்லில் பொறித்தார். கொல்லலாகாத உயிர்களின் பட்டியலையும் பொறித்து, காரணமின்றிக் காட்டை எரிக்கலாகாது என்றும் ஆணையிட்டார். ஆயினும் அவை அரசன் தனக்கென ஒதுக்கிய காட்டைப் பற்றியவை, அல்லது சில உயிர்களைக் காப்பது பற்றியவை. நாட்டிலுள்ள காடெல்லாம் அரசாங்கத்தின் உடைமை என்னும் எண்ணம் நம் பகுதிக்குப் பிந்திய காலத்திலேயே வந்தது.

அது வந்த வழியைக் கேளுங்கள். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியது. தண்டவாளத்தின் கீழே போடுவதற்குக் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். அதே ஆண்டில்தான் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். கட்டுப்பாடின்றி மரம் வெட்டினால் மலைகள் மொட்டையாகிவிடும் என்று அவர் அஞ்சியது மெய்யான அச்சமே. ஆனால் காட்டைக் காப்பதற்கு முதலில் காடு யாருடையது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இங்கே நம் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1871-ஆம் ஆண்டில் சென்னை வருவாய் வாரியம் காடுகளைப் பற்றித் தன் கருத்தை எழுதியது. இம்மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிதினும் அரிது; தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின்மேல் அரசு பெற்ற வரியை விட்டுவிட்டால், மிக அண்மைக் காலம் வரை எந்தக் காட்டின்மேலும் அரசு உடைமை கொண்டாடியதாகத் தெரியவில்லை என்பது அக்கருத்தின் சாரம். இதை எழுதியவர்கள் காட்டுக் குடிகளுக்காக வாதாடியவர்கள் அல்லர். வெள்ளை அரசாங்கத்துக்கு வரி தண்டிய அதிகாரிகள். அவர்களுடைய சான்று அதனாலேயே மதிப்புடையது.

இந்திய வனச் சட்டம் 1878-இல் பிறந்தபோது சென்னை மாகாணம் அதில் சேரவில்லை. ஆனால் 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக்க விரும்பினால் அரசு முதலில் அறிக்கை வெளியிடும். அங்கே உரிமை உடையவர் குறித்த காலத்துக்குள் அதிகாரியிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருடைய உரிமை அற்றுப்போகும். காகிதத்தில் பார்த்தால் இது நேரான முறையே. ஆயின் எழுத்தறியாத மலைக்குடிக்குத் தன் பாட்டன் நடந்த வழியை ஓர் உரிமை என்று விண்ணப்பிக்க வேண்டும் எனத் தோன்றுமா? மூச்சு விடுவதற்கு யாராவது மனுப் போடுவார்களா? இவ்வாறு விண்ணப்பிக்கப்படாத உரிமைகள் பல ஓசையின்றி மறைந்தன. காப்புக்காட்டில் விதிக்கு மாறாக வேட்டையாடுதலும், சுடுதலும், மீன் பிடித்தலும், கண்ணியும் பொறியும் வைத்தலும் குற்றங்களாயின.

அதன்பின் ஒரே காட்டில் இரண்டு வகை வேட்டைக்காரர் தோன்றினர். ஒருவர் கட்டணம் கட்டி, துப்பாக்கியும் உரிமமும் கொண்டு, முகாமடித்துச் சுடும் துரைமாரும் செல்வரும். மற்றவர் வலையும் கண்ணியும் கொண்டு, சாமையையும் தினையையும் காத்து, முயலோ பன்றியோ அகப்பட்டால் உண்ணும் குடிகள். முன்னவர் செயல் விளையாட்டு எனப்பட்டது. பின்னவர் செயல் திருட்டு எனப்பட்டது.

நெரிசலும் இங்கேதான் தொடங்கிற்று. காப்புக்காட்டின் எல்லைக்கல் நடப்பட்டதும், வெளியே எஞ்சிய புறம்போக்குக் கரடும் ஏரிக்கரைப் புதருமே எல்லாருக்கும் திறந்தவையாயின. ஆடுமாடு மேய்ப்பவரும், விறகு பொறுக்குபவரும், கௌதாரிக்கும் முயலுக்கும் கண்ணி வைப்பவரும் அச்சிறு நிலத்தில் வந்து குவிந்தனர். பத்து ஊருக்கு விரிந்து கிடந்த காட்டின் பாரம் முழுவதும் ஒரு துண்டு நிலத்தின்மேல் விழுந்தால், அத்துண்டு நிலம் எத்தனை நாள் தாங்கும்? அது வறண்டதும், பாருங்கள், இவர்களிடம் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று பழி கூறுவது எளிதாயிற்று.

நெரிசலின் துன்பம் துப்பாக்கி பிடித்தவர்களையும் விடவில்லை. நீலகிரியில் வெள்ளையர் குடியேற்றம் பெருகிய பின் வரையாடும் மானும் குறைந்து வந்தன. வேட்டையாடியவர்களே 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் அமைத்தனர். 1879-இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இன்ன மாதங்களில் சுடலாகாது, உரிமம் இன்றிச் சுடலாகாது என்ற கட்டுகள் வந்தன. வடக்கே மத்திய மாகாணங்களில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியைக் குறித்த நாளளவுக்கு ஒரு குழுவினருக்கே ஒதுக்கினர். ஒருவர் குறிவைத்த விலங்கை மற்றொருவர் கலைத்துவிடாமல் இருப்பதற்கும், ஒரே இடத்தில் அளவு கடந்து கொல்லாமல் இருப்பதற்கும் அம்முறை உதவியது. கூட்டம் மிகுந்தால் சீட்டு வரும் என்பது அப்போதே கண்ட பாடம்.

இப்பூசல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1079-ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்கெனப் புதுக்காடு ஒன்றை ஒதுக்கினான். ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட்' என்னும் சொல் அந்நாளில் மரமடர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. மன்னனுடைய வேட்டைச் சட்டம் செல்லும் நிலத்தைக் குறித்தது. மானைக் கொன்றவன் கண்ணையோ கையையோ இழக்க நேர்ந்த காலம் அது. 1217-ஆம் ஆண்டில் வனப் பட்டயம் ஒன்று வெளியாயிற்று. மானுக்காக எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்று அது விதித்தது. மேய்ச்சல் முதலிய வழக்குரிமைகளையும் ஒப்புக்கொண்டது. தம் நாட்டில் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு நியாயத்தை அந்நாட்டார் இங்கே வந்தபோது மறந்தனர் என்பது வரலாற்றின் வியப்புகளில் ஒன்று.

விடுதலைக்குப் பின் நிலைமை சீர்பட்டதா? இல்லை. ஜீப்பும் ஒளிவிளக்கும் காட்டுக்குள் புகுந்தன. வேட்டைக்காரர் கூட்டம் மிகுந்தது, விலங்கு குறைந்தது. 1952-இல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதிலும் 1,827 புலிகளே எஞ்சியிருந்தன. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1991-இல் அது மேலும் இறுக்கப்பட்டு, பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் வழங்கும் வழக்கமும் நீங்கியது. துரைமாரின் சீட்டும் கிழிந்தது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் மலைக்குடிகளுக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொண்டு, நிலம், மேய்ச்சல், சிறுவனப் பொருள்கள் முதலிய உரிமைகளை வழங்கிற்று. வேட்டை உரிமையை மட்டும் அது தெளிவாக விலக்கி வைத்தது.

அவ்விலக்கு சரியானதே என்பது என் துணிபு. எஞ்சிய உயிர்கள் சில, கைகளோ பல. ஆனால் சரியான தீர்ப்பிலும் தீராத கடன் ஒன்று இருக்கலாம். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், சவ்வாது மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில், எங்கள் ஊர்க் காடு என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் மூன்றே வரி எழுதினான். தாத்தா பகலில் காட்டுக்குப் போனார். அப்பா இரவில் போனார். நான் போவதில்லை என்பதே அது. பிழை திருத்தி, இன்னும் விரிவாக எழுதுக என்று குறித்துக் கொடுத்தேன். வனச் சட்டத்தின் வரலாற்றைப் பல்லாண்டு கழித்துப் படித்தபோதுதான், அதனை விரிக்க வேண்டியவன் அவன் அல்லன், நான் என்பது விளங்கிற்று. அம்மூன்று வரியில் ஒரு நூற்றாண்டு அடங்கியிருந்தது.

அக்கடனைத் தீர்க்கும் வழிக்கு ஒரு சான்றும் நம் நாட்டிலேயே உண்டு. பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்த இருளர், சட்டத்தினால் அத்தொழிலை இழந்தனர். 1978-இல் அவர்களுக்கென மாமல்லபுரத்தின் அருகே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். கொல்வதற்குப் பயன்பட்ட அறிவு உயிர் காக்கும் அறிவாயிற்று. 2023-இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கி நாடு பெருமை செய்தது. தடத்தைப் பார்த்து விலங்கை அறிபவனும், சருகின் ஓசையில் வழியை உணர்பவனும் காட்டுக் காவலுக்கு வேண்டியவர் அல்லரோ? அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்துக் காட்டைக் காக்க முயல்வது, ஊர்ப் பெரியவரை வெளியே தள்ளிவிட்டு ஊர்க் கணக்கை எழுதுவது போன்றது.

அடுத்த தீபத்தன்று மலையடிவாரத்தில் கூட்டம் திரளும். ஏறலாமா கூடாதா என்ற பேச்சும் எழும். மலையின் நலத்துக்காகச் சீட்டு வேண்டும் என்றால் நாம் பணிந்தே ஆக வேண்டும். ஆனால் சீட்டு எழுதுகிறவர் ஒன்றை மட்டும் மறத்தலாகாது. வாயிலை அடைக்குமுன், அவ்வழியில் இதுவரை யார் நடந்தார் என்று கேட்க வேண்டும். 1882-இல் அக்கேள்வியை ஒரு காகிதத்தில் ஒட்டி வைத்துவிட்டு விடைக்குக் காத்திருந்தார்கள். மலை ஏறிச் சென்று, குடிசை வாயிலில் அமர்ந்து, அவர்கள் மொழியில் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.