தாயின் வயிறும் சேயின் வளர்ச்சியும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது முன்னோர் வாய்மொழி. பிள்ளை தாயை ஒத்திருப்பதற்குக் காரணம் அவள் அளித்த வித்தா, அன்றி அவ்வித்தைச் சுமந்து வளர்த்த வயிறா? இவ்வினாவுக்கு விடைகாண விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் வழி தோன்றவில்லை. முட்டையை ஈன்றவளே கருவையும் சுமக்கின்றாள். அவ்வாறிருக்க, எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது எங்ஙனம்?

அவ்வழியைக் கண்டவர் வால்டர் ஹீப் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1890 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள், அங்கோரா இனப் பெண்முயல் ஒன்றிலிருந்து இரண்டு முளையங்களை அவர் எடுத்தார். அம்முயல் ஆணுடன் சேர்ந்து 32 மணி நேரமே ஆகியிருந்தது. ஒவ்வொரு முளையமும் நான்கு கலங்களாகப் பிரிந்திருந்தது. அவற்றைப் பெல்ஜிய இனப் பெண்முயல் ஒன்றின் பலோப்பியன் குழாயில் வைத்தார். அதுவோ தன் இனத்து ஆணுடன் சற்று முன்னரே சேர்ந்திருந்தது. மே 29 ஆம் நாள் அது ஆறு குட்டிகளை ஈன்றது. நான்கு பெல்ஜியக் குட்டிகள். மற்றை இரண்டும் பட்டுப்போன்ற நீண்ட வெண்மயிர் கொண்ட அங்கோராக் குட்டிகள்! சுமந்த தாயின் சாயல் அவற்றில் சிறிதும் காணப்படவில்லை. இனத்தின் இயல்பு வித்தைச் சார்ந்தது என்பது இதனால் விளங்கிற்று.

அப்படியாயின், கருப்பை வெறுங் கொள்கலந்தானா? கேம்பிரிட்ஜில் ஆதர் வால்டனும் ஜோன் ஹமண்டும் 1938 இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. பேருருவம் படைத்த ஷயர் குதிரையையும் சிற்றுருவம் படைத்த ஷெட்லண்ட் மட்டக்குதிரையையும் அவர்கள் செயற்கை முறையிற் சினைப்படுத்திக் கலப்பினக் குட்டிகளைப் பெற்றனர். தாய் ஷயராயினும் ஷெட்லண்டாயினும் குட்டிகள் இரு இனத்தின் வித்தையும் பாதிப்பாதியாகப் பெற்றவையே. ஆயினும், ஷயர்த் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லண்ட் தாய் ஈன்ற குட்டியைப் போல ஏறக்குறைய மும்மடங்கு நிறை கொண்டிருந்தது. வளர வளர அவ்வேறுபாடு குறைந்ததேயன்றி, முற்றாக மறையவில்லை.

இங்கும் ஓர் ஐயம் எஞ்சியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கருப்பைதானா, அன்றித் தாயின் முட்டையிலேயே அமைந்த வேறொரு பொருளா? இத்தகைய ஐயத்தைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தவர்கள் ஆன் மக்லாரன் அம்மையாரும் டொனால்ட் மிக்கியும் ஆவர். சுண்டெலிகளுள் ஓர் இனத்துக்குப் பெரும்பாலும் ஐந்து நாரி முள்ளெலும்புகள். மற்றோர் இனத்துக்கு ஆறு. இரண்டின் கலப்பிற் பிறந்தவை இவ்வகையில் தாயின் இனத்தையே பெரிதும் ஒத்திருந்தன. முளையங்களை ஓரினத்திலிருந்து மற்றையதற்கு மாற்றிவைத்தபோது, எலும்புகளின் எண்ணிக்கை சுமந்த தாயின் பக்கம் சாய்ந்தது. முதுகெலும்பின் அமைப்பிலும் கருப்பைக்குப் பங்குண்டு என்பதை 1958 இல் அவர்கள் நிலைநாட்டினர்.

தாயின் உணவைப் பற்றிய வினா பின்னர் எழுந்தது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், பெண் எலிகளுக்குக் கருவுற்ற முதல் நான்கு நாட்கள் மட்டும் புரதங் குறைந்த உணவு அளிக்கப்பட்டது. முளையம் கருப்பைச் சுவரில் இன்னும் பதியாத காலம் அது. அதன்பின் நல்லுணவே கொடுக்கப்பட்டது. எனினும் முளையத்தின் கலங்கள் எண்ணிக்கையிற் குறைந்தன. பிறந்த குட்டிகளிற் பின்னர் இரத்த அமுக்கம் உயர்ந்து காணப்பட்டது.

எலிக்கு உற்றதெல்லாம் மனிதருக்கும் உறும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால், 1944-45 பனிக்காலத்தில், போரின் கொடுமையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது. கருவுற்ற தொடக்க மாதங்களில் அப்பஞ்சத்துக்கு ஆளான தாய்மாரின் பிள்ளைகள் பிறக்கும்போது பெரும்பாலும் இயல்பான நிறையுடனேயே பிறந்தனர். ஆயினும், நடுவயதை அடைந்தபோது இருதய நோய் அவர்களிடையே மிகுந்து காணப்பட்டது.

வித்து இனத்தை வகுக்கின்றது. அது வளரும் நிலமோ உருவத்திலும் உடல்நலத்திலும் தன் பங்கைச் செலுத்துகின்றது. அப்பங்கு, தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறியுமுன்னரே தொடங்கிவிடலாம். ஆகவே, கர்ப்பவதியைப் பேணுவது மட்டும் போதாது. தாயாகப்போகும் பெண்ணின் உணவையும் நலத்தையும் முன்கூட்டியே பேணுதல் வேண்டும். அக்கடன் அவளொருத்திக்கு மட்டும் உரியதன்று. குடும்பத்துக்கும் நாட்டுக்கும் உரியது.