சீட்டு மாறிய பாம்புகள்: லெய்டன் முதல் திருவனந்தபுரம் வரை

2014 ஏப்ரலில் இலங்கையின் தெஹிவளை விலங்கியல் பூங்காவிலிருந்து ஏழு பச்சை அனகோண்டாக்கள் திருவனந்தபுரம் விலங்குக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய பாம்பு கொழும்பின் புறநகரிலிருந்து கேரளத்துக்கு வந்தது பார்வையாளர்க்கு விந்தையாக இருந்திருக்கலாம். சொல்வரலாறு பயில்வோர்க்கு இதில் இன்னொரு விந்தை உண்டு. ‘அனகோண்டா’ என்னும் சொல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டதும் அதே தீவிலிருந்துதான். அப்போது அது தென்னமெரிக்கப் பாம்பு எதையும் குறிக்கவில்லை. ஓரிடத்துப் பாம்பின் பெயர் வேறோரிடத்துப் பாம்பின்மேல் ஏறிய இக்கதை, அனகோண்டாவின் உறவினங்களான மரவாழ் போவாக்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வளர்க்க முற்படும் இந்திய நகரவாசிகள் இப்போது அக்குழப்பத்தின் நடுவே நிற்கிறார்கள். பெயரும் பிறப்பிடமும் அறியாத பாம்புக்குச் சரியான கூடு அமைப்பது இயலாது; பாம்பு வளர்ப்பின் வரலாறு பெயர்ச்சீட்டின் வரலாறாகவும் இருப்பது இதனால்தான்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கில இயற்கையறிஞர் ஜான் ரே 1693-இல் வெளியிட்ட விலங்கு நூலில், லெய்டன் நகரத்துச் சேகரிப்பிலிருந்த இந்தியப் பாம்புகளின் பட்டியல் ஒன்று இடம்பெற்றது. ‘அனகண்டாயா’ என இலங்கையர் அழைக்கும் பாம்பு ஒன்று அதில் இருக்கிறது. எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்கும் பாம்பு என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். இந்த விளக்கத்துக்குப் பொருந்தக்கூடிய இலங்கைப் பாம்பு மலைப்பாம்பு ஒன்றே. ஆனால் சிங்களத்தில் மலைப்பாம்பின் பெயர் ‘பிம்புரா’. ஒலியால் ‘அனகண்டாயா’வை ஒத்த சிங்களச் சொல் ‘ஹெனகந்தயா’. மின்னல் என்றும் தண்டு என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்த அப்பெயர் சாட்டை போல் மெலிந்த ஒரு பாம்புக்குரியது. லெய்டனில் இரு குடுவைகளின் சீட்டுகள் இடம்மாறியிருக்க வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முன்வைக்கப்பட்ட விளக்கம். அதை ஏற்றால், உலகிலேயே எடை மிகுந்த பாம்பு இன்று தாங்கி நிற்பது ஒரு மெல்லிய பாம்பின் பெயரை.

தமிழ்நாட்டில் பலர் விரும்பிச் சொல்லும் விளக்கம் வேறு: ‘ஆனைக்கொன்றான்’. இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. யானையைப் பற்றும் பெரும்பாம்பு தமிழ் மரபுக்குப் பழையது. நற்றிணையின் 261-ஆம் பாடலில் களிற்றை அகப்படுத்திய மாசுணம் மரத்தோடு சேர்த்துப் பிணிக்கிறது. ஒலியியலும் ஓரளவு துணை நிற்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘கொன்றான்’ என்பது ‘கொன்னான்’ ஆகும். இலங்கைத் தமிழிலோ ன்ற என்னும் மெய்ம்மயக்கம் ண்ட ஆகிவிடும். ‘ஒன்று’ அங்கே ‘ஒண்டு’, ‘கன்று’ அங்கே ‘கண்டு’. ஆகவே ‘ஆனைக்கொண்டான்’ என்ற வடிவம் தீவிலேயே இயல்பாகப் பிறந்திருக்கும். தடை வேறிடத்தில் இருக்கிறது. 1693-இன் வடிவத்தில் ககரத்தை அடுத்து ஒகரம் இல்லை, அகரமே உள்ளது. ஈற்றில் தமிழின் ‘-ஆன்’ இல்லை. உயிருள்ளவற்றின் பெயர்களில் சிங்களம் சேர்க்கும் ‘-யா’ இருக்கிறது. வடிவம் சிங்களத்துக்கு நெருங்கியது, பொருள் தமிழ்ப் பெயருக்கு அண்மையில் நிற்கிறது. இரு மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த ஒரு தீவில் ஐரோப்பியர் கேட்டெழுதிய சொல்லில் இவ்விரண்டும் கலந்திருப்பது வியப்பன்று. மொழிப்பற்றின் பேரில் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறுபாதியை மட்டும் பேசுவது ஆய்வாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் இச்சொல்லைத் தென்னமெரிக்கப் பாம்புக்கு வழங்கினார். பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது. ‘போவா’வின் வரலாறும் இதுபோன்றதுதான். அது இலத்தீன் சொல். பசுவின் பாலைக் குடிக்கும் இத்தாலியப் பெரும்பாம்பு என்று பிளினி எழுதினார். 1758-இல் லின்னேயஸ் அப்பெயரை எடுத்துப் பெரும்பாலும் அமெரிக்கப் பாம்புகளின்மேல் வைத்தார். துப்பி மொழியில் பாம்பைக் குறிக்கும் ‘ம்போய்’ என்ற சொல் ‘போவா’வோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்; இரண்டையும் முடிச்சிடும் கட்டுரைகளை நம்ப வேண்டியதில்லை.

மரவாழ் போவாக்களிடம் வந்தால் குழப்பம் இன்னும் கூர்மையாகிறது. தென்னமெரிக்க மழைக்காடுகளின் பச்சை மரப்போவாவுக்கு லின்னேயஸ் இட்ட பெயர் ‘போவா கனினா’, அதாவது நாய்க்குரிய போவா. தலையின் வடிவும் முன்பற்களின் நீளமும் அப்பெயருக்குப் பொருந்துகின்றன. அதே நூலில் ‘போவா ஹிப்னாலே’ என்று இன்னொரு பாம்பையும் அவர் பதிந்தார். பின்னாளில் இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. இப்பாம்பின் குட்டி செங்கல் நிறத்திலோ மஞ்சளாகவோ பிறந்து ஓராண்டளவில் பச்சையாக மாறும். குடுவையில் கிடக்கும் குட்டியையும் தாயையும் ஒன்றென்று சொல்ல, அவை உயிரோடிருந்தபோது பார்த்தவர் வேண்டும். 1860-இல் ஜான் எட்வர்ட் கிரே, அமேசானில் சேகரித்துத் திரும்பியிருந்த ஹென்றி வால்டர் பேட்ஸின் பெயரால் இன்னொரு பாம்புக்குப் பெயரிட்டார். நெடுங்காலம் அதுவும் கனினாவே என்று எண்ணப்பட்டது. 2009-இல் ஹெண்டர்சனும் உடனாய்வாளர்களும் கிரேயின் பெயரை மீட்டு, கயானா மேட்டுநிலத்துப் பாம்பைக் ‘கோரல்லஸ் கனினஸ்’ என்றும் அமேசான் வடிநிலத்துப் பாம்பைக் ‘கோரல்லஸ் பேட்ஸியி’ என்றும் பிரித்தனர். அதற்கு முன் விற்கப்பட்ட ஒவ்வொரு பச்சை மரப்போவாவும் இரண்டில் ஒன்று. எது என்பதை விற்றவரும் வாங்கியவரும் அறிந்திருக்கத் தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு, நியூகினியாவின் பச்சை மர மலைப்பாம்பு நிறத்திலும் கொம்பின்மேல் சுருண்டு கிடக்கும் பாங்கிலும் இதன் இரட்டை போலவே தோன்றும். அது முட்டையிடும், இது குட்டி ஈனும். இரண்டுக்கும் குடும்பமே வேறு.

பாம்புகளை உயிரோடு காட்சிக்கு வைக்கத் தனிக் கட்டடம் எழுந்தது 1849-இல், லண்டன் விலங்கியல் பூங்காவில். 1852-இல் அங்கே எட்வர்ட் கர்லிங் என்ற காவலர் நாகம் தீண்டி இறந்தார். அக்கட்டடத்தின் வயது பத்தாகும்போதே திருவனந்தபுரமும் களத்தில் இருந்தது என்பது கருதத்தக்கது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜெனரல் கல்லனின் ஊக்கத்தாலும், வானிலை ஆய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌனின் உழைப்பாலும், உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் 1857-இல் அருங்காட்சியகமும் 1859-இல் விலங்குக்காட்சிசாலையும் திறக்கப்பட்டன. இன்று நேப்பியர் மியூசியம் என்று நிற்கும் சிஷோமின் கட்டடம் 1880-இல் முடிந்தது. நூற்றாண்டின் இறுதியில் அருங்காட்சியகத்தை நடத்திய ஹெரால்ட் ஃபெர்குசன், திருவிதாங்கூரில் பிடிபட்ட பாம்புகளின் பட்டியலை 1895-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு பூலஞ்சர் ஒரு மண்வாழ் கேடயவால் பாம்புக்கு அவர் பெயரை இட்டார். லெய்டனின் குடுவைக்கும் ஃபெர்குசனின் பட்டியலுக்கும் உள்ள இடைவெளி இங்கே தெரிகிறது. அங்கே பாம்பு கப்பலில் வந்தது, பெயரும் யாரோ சொன்னதாக அதன் பின்னால் வந்தது. இங்கே பட்டியலிட்டவர் பாம்பு பிடிபட்ட மண்ணிலேயே வாழ்ந்தார்.

கேரளத்தில் மரவாழ் போவா இல்லை. இந்தியாவுக்குரிய போவாக்கள் மண்ணில் புதைந்து கிடக்கும் மண்ணுளிப் பாம்புகளே. இரவில் கொம்பில் சுருண்டு தலையைத் தொங்கவிட்டு இரைக்குக் காத்திருக்கும் தொழிலை மேற்குத்தொடர்ச்சி மலையில் மலபார் குழிவிரியன் செய்கிறது. வெப்பத்தை உணரும் குழி இரண்டுக்கும் உண்டு. விரியனுக்கு அது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒன்று. மரப்போவாவுக்கு உதட்டுச் செதில்களில் வரிசையாக உண்டு. தொழில் ஒன்றாக இருப்பதால் உடலமைப்பு இணங்கி வந்திருக்கிறதே தவிர உறவு இல்லை. விரியனுக்குப் பழகிய கண்ணோடு போவாவுக்குக் கூடு அமைப்போர் தவறுவது இங்கேதான். மலபார் குழிவிரியன் மழைக்காலத்தின் குளிர்ந்த மலைச்சரிவில் இயல்பாக வாழும். தாழ்நிலக் காட்டின் மரப்போவா அக்குளிரைத் தாங்காது.

ஐரோப்பாவில் மரப்போவா வளர்ப்போர் பெரும் பொருளைச் செலவிட்டு உண்டாக்கும் தட்பவெப்பம் திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ இலவசம். நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே, கடலோரத்தில், இரவுகூட வெம்மை நீங்காத நகரம் இது. பகலில் 27 முதல் 30 பாகை, இரவில் 23 முதல் 25 என்பது பச்சை மரப்போவாவுக்கு உகந்த அளவு. இடர் வருவது கோடையில், கண்ணாடிப் பேழைக்குள் வெப்பம் தேங்கும்போது. ஈரத்தையும் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மழைக்காடு என்றதும் நாள் முழுதும் நனைந்த கூடு என்று எண்ணுகிறார்கள். காட்டிலோ மழை பெய்கிறது, பிறகு காற்று வந்து இலையை உலர்த்துகிறது. காற்றோட்டமற்ற ஈரத்தில் தோல் புண்ணும் மூச்சுக்குழல் நோயும் வரும். நீர் தெளித்து உலரவிட வேண்டும். பாம்பு தன் சுருளில் தேங்கும் துளிகளைப் பருகும். கிளைகள் கிடைமட்டமாக, பாம்பின் உடல் தடிமனை ஒத்தவையாக, வெவ்வேறு உயரங்களில், வெப்பமும் குளிர்ச்சியும் மாறும்படி அமைய வேண்டும். செங்குத்தாக உயர்ந்த ஒடுங்கிய பேழை காண்பவர்க்கு அழகு, பாம்புக்குப் பயனில்லை. வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரை போதும். அன்பு மிகுந்து அடிக்கடி ஊட்டினால் அது கக்கிவிடும். கையில் எடுத்துக் கொஞ்சுவதற்கு உரிய உயிரும் அன்று. அந்தப் பற்களுக்கு லின்னேயஸ் தந்த பெயர் அலங்காரத்துக்கு இட்டதல்ல.

கூட்டின் தட்பவெப்பம் சரியாக அமைந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2019-இல் திருவனந்தபுரத்து அனகோண்டாக்களுள் சில இறந்தன. குடலைத் தாக்கும் எண்டமீபா தொற்று காரணமாகச் சொல்லப்பட்டது. பாம்புகளைத் தாக்கும் இந்த அமீபாவை 1934-இல் ரோடெய்ன் விவரித்துப் பெயரிட்டார். அதே ஆண்டுகளில் பிலடெல்பியா விலங்கியல் பூங்காவில் ராட்கிளிஃபும் கைமனும் அதன் போக்கை ஆராய்ந்தனர். ஆமைகளின் குடலில் அது பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. அதே உயிரி போவாவின் குடலில் புண் உண்டாக்கிக் கொல்லும். நோயைப் பரப்ப ஒரு பொது நீர்த்தொட்டி போதும், கழுவாத ஒரு கைக்கருவியும் போதும். காட்டில் ஒருபோதும் அடுத்தடுத்து வாழாத உயிர்களை அடுத்தடுத்து வைப்பது காட்சிசாலையின் அடிப்படை இயல்பு. வீட்டில் பல நாட்டு ஊர்வனவற்றைச் சேர்த்து வளர்ப்பவர் செய்வதும் அதையே, கால்நடை மருத்துவர் அருகில் இல்லாமல். நோய்ப்பட்டதா என்று கேட்கும் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது, பாம்பு எங்கிருந்து, எவற்றோடு வந்தது என்பது.

அந்தக் கேள்வியைச் சட்டமும் வெகுகாலம் கேட்கவில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைப்பதைத் தடுத்தது. அயல்நாட்டுப் பாம்பைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமாக இருந்தது. போவாக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில் அடங்கும். ஆயினும் எல்லைச் சுங்கத்தைக் கடந்த பாம்பை உள்நாட்டில் கேட்பார் இல்லை. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணிகளின் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்ட செய்திகள் அந்த மௌனத்தின் விளைவுகள். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமே முன்வந்து அறிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது. 2022-இன் திருத்தம் சைட்டிஸ் பட்டியல்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024-இன் விதிகள் அவ்வுயிர்களைப் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்யக் கட்டளையிட்டன.

ஆவணம் கேளாத அந்த ஆறு மாதம் நடைமுறை நோக்கில் அறிவுடைய ஏற்பாடுதான். ஒளித்து வைத்தவரை வெளியே கொண்டுவர வேறு வழி எளிதில் இல்லை. வரலாற்று நோக்கில் அது லெய்டனின் அலமாரியை ஒத்திருக்கிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பாம்பின் பதிவு உடையவரின் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய காடும் கப்பலும் கடையும் ஏட்டில் ஏறவில்லை. தாளின்றி வந்த ஒரு பச்சை மரப்போவா கயானாவினதா, அமேசான் வடிநிலத்ததா என்று இனி அறிய வேண்டுமானால், விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் முதுகில் வெள்ளை வரி தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்த்து, மூக்கின்மேல் உள்ள செதில்களை எண்ண வேண்டும்.